பொழுதுபோக்குக் குழுவில் எவ்வளவு கண்டிப்பு வேண்டும்? புதிய மட்டுறுத்துநருக்கு ஒரு வழிகாட்டி

உங்களை ஓர் இணையக் குழுவுக்கு மட்டுறுத்துநர் (மாடரேட்டர்), அதாவது பதிவுகளைக் கவனித்து ஒழுங்குபடுத்துகிறவர், ஆக்கிவிட்டார்கள். கேமரா, மீன் தொட்டி, பழைய நாணயம், சதுரங்கம், தொலைநோக்கி, பின்னல் வேலை என எந்தக் குழுவாகவும் இருக்கட்டும். பொறுப்பேற்ற சில நாளிலேயே இரண்டு விதமான புகார்கள் வந்துவிடும். "எதைப் போட்டாலும் நீக்கிவிடுகிறார்கள், இங்கே வாயையே திறக்க முடியவில்லை" என்பார் ஒருவர். "குழு குப்பையாகிவிட்டது, அட்மின்கள் எல்லாம் தூங்குகிறார்களா?" என்பார் இன்னொருவர். இருவரும் பேசுவது ஒரே குழுவைப் பற்றித்தான். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

கண்டிப்பு தவறான இடத்தில் இருந்தால் இப்படித்தான் ஆகும். தலைப்பைச் சரியான வடிவத்தில் எழுதவில்லை என்று பதிவை உடனே நீக்குவார்கள். "இதுகூடத் தெரியாமல் எதற்குக் கேமரா வாங்கினீர்கள்?" என்று ஒருவர் புதியவரிடம் கேட்டிருப்பார், அது அப்படியே கிடக்கும். இந்தக் குழுவில் மட்டுறுத்தல் அதிகமா, குறைவா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. நேற்று வந்து சேர்ந்த ஒருவர் மிக அடிப்படையான ஒரு கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்க முடிகிறதா, கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கிறதா? பொழுதுபோக்குக்காக வந்தவருக்கு இங்கே இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மனம் நொந்தால் புகார்கூடச் சொல்லாமல் போய்விடுவார். அவர் போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதனால்தான் சத்தம் போடுகிறவர்களை வைத்து மட்டும் குழுவின் நிலையைக் கணிக்கக் கூடாது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த அளவுகோலிலிருந்து வருபவைதான்.

1. முதலில் சும்மா இருந்து பாருங்கள்

அதிகாரம் கைக்கு வந்ததும் எதையாவது திருத்த வேண்டும் என்று தோன்றும். இரண்டு வாரம் பொறுங்கள். ஸ்பேம், மிரட்டல் போன்றவற்றை நீக்குவதோடு நிறுத்திக்கொண்டு மற்றதை வாசியுங்கள். பழைய திரிகளையும் (ஒரு பதிவும் அதன் கீழ் வந்த பதில்களும் சேர்ந்தது ஒரு திரி) ஒரு மாத அளவுக்குப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

பதில் இல்லாமல் கிடக்கும் கேள்விகள் எவை, புதியவர்களுக்கு வழக்கமாக யார் பதில் சொல்கிறார், எந்தப் பேச்சு வந்தால் சண்டை மூள்கிறது, ஒரே ஒரு பதிவு போட்டுவிட்டு மறுபடி வராதவர்களுக்குக் கடைசியாகக் கிடைத்த பதில் என்ன என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். குழுவின் உண்மையான முகம் அங்கேதான் தெரியும்.

2. உங்கள் குழு எப்படிப்பட்டது என்று முடிவு செய்யுங்கள்

ஒருவரையொருவர் அறிந்த நாற்பது, ஐம்பது பேர் இருக்கும் குழுவுக்கு மட்டுறுத்தல் அநேகமாகத் தேவையே இல்லை. யாராவது எல்லை மீறினால் இன்னொருவர் "விடுப்பா" என்பார், முடிந்துவிடும். முகம் தெரியாதவர்கள் பெருகும்போதுதான் இந்த இயல்பான கட்டுப்பாடு தளர்கிறது.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சேர்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இணையத்தின் பழைய விவாதக் குழு வலையமைப்பான யூஸ்நெட் காலத்திலிருந்தே இதற்கு உதாரணம் உண்டு. ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் அங்கே வந்து குவிவார்கள். சில வாரம் ரகளையாக இருக்கும். பிறகு பழைய ஆட்களைப் பார்த்து அவர்களும் பழகிவிடுவார்கள். 1993 வாக்கில் பெரிய வணிக இணையச் சேவைகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிடத் தொடங்கியதும் அந்த வரத்து நிற்கவே இல்லை. பழையவர்கள் சொல்லிக்கொடுக்கும் வேகத்தைப் புதியவர்கள் சேரும் வேகம் தாண்டிவிட்டது. அதை "முடிவில்லாத செப்டம்பர்" என்று பெயர் வைத்தே புலம்பினார்கள். உங்கள் குழுவில் ஒரே மாதத்தில் உறுப்பினர் எண்ணிக்கை இரட்டிப்பானால், அதுவரை எழுதாமலே புரிந்திருந்த வழக்கங்களை அந்த மாதமே எழுதிவைத்துவிட வேண்டும்.

அடுத்தது நோக்கம். பல தலைப்புகளில் குழுக்கள் இயங்கும் விவாதத் தளமான ரெட்டிட்டில் 2011 முதல் நடந்துவரும் "ஆஸ்க் ஹிஸ்டோரியன்ஸ்" என்ற வரலாற்றுக் குழு கண்டிப்புக்குப் பேர்போனது. ஆழமும் ஆதாரமும் இல்லாத பதில், நகைச்சுவை, "எங்கள் தாத்தா சொல்வார்" போன்ற பேச்சு எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்கள். ஒரு கேள்விக்குக் கீழே நீக்கப்பட்ட பதில்கள் மட்டுமே வரிசையாக நிற்பதும் உண்டு. இருந்தும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் வருவது நம்பகமான பதிலுக்காக. அதே கண்டிப்பைச் செடி வளர்ப்பவர்களின் அரட்டைக் குழுவில் கொண்டுவந்தால் ஒரு வாரத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். பதிலின் தரத்துக்காகக் கூடும் குழுவா, கூடிப் பேசும் சந்தோஷத்துக்காகக் கூடும் குழுவா என்பதை உங்கள் அணியோடு பேசி ஒரே வரியில் எழுதிவையுங்கள். பின்னால் வரும் பாதிச் சண்டைகளுக்கு அந்த வரி பதில் சொல்லிவிடும்.

3. மூன்று பிரிவாகப் பிரியுங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கண்டிப்பு வைக்காதீர்கள். வருவதை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் பிரிவில் வருபவை, பார்த்த உடனே நீக்க வேண்டியவை: மிரட்டல், பாலியல் தொல்லை, சாதி, மதம், இனம், பாலினம் சார்ந்த இழிவு, ஒருவரின் முகவரியையோ தொலைபேசி எண்ணையோ அம்பலப்படுத்துவது, மோசடி. இவற்றில் விவாதத்துக்கே இடம் இல்லை. குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சித்தரிக்கும் எதுவும் வந்தால் அதை நீக்குவதோடு நின்றுவிடாமல், தளத்தை நடத்துகிறவர்களுக்கும் காவல்துறைக்கும் உடனே தெரிவியுங்கள். அதை ஆதாரத்துக்கென்றுகூட நீங்கள் சேமித்து வைக்கவோ மற்ற மட்டுறுத்துநர்களுக்கு அனுப்பவோ கூடாது.

பொழுதுபோக்குக் குழுக்களில் இதே பிரிவில் இன்னொன்றும் சேர்கிறது. ஆபத்தான செய்முறைகளைச் சொல்கிறேன். பலர் இதைக் கருத்துச் சுதந்திரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மரவேலைக் குழுக்களில் மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, பலகையின் மேல் மின்சாரம் பாய்ச்சி மின்னல் போன்ற கோலம் வரவைக்கும் முறை ஒன்று சுற்றிவருகிறது. அதில் சுமார் 2,000 வோல்ட் இருக்கும். செய்துபார்த்துப் பலர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல் கலைஞர்களின் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைச் செய்துகாட்டவே தடை போட்டிருக்கிறது. அந்தச் செய்முறையைக் கேட்டு ஒருவர் வந்தால், "இது ஆளைக் கொல்லும், இங்கே விவாதிப்பதில்லை" என்று காரணத்தோடு மூடிவிடுங்கள். தொலைநோக்கியின் கண்ணருகே மாட்டும் சிறிய சூரிய வடிகட்டியைப் பரிந்துரைக்கும் பதிவும் இப்படித்தான். வெப்பத்தில் அது வெடித்தால் பார்வை போய்விடும். வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். படத்தில் இருப்பது உண்ணத் தகுந்த காளானா என்று கேட்பவருக்கு "தாராளமாகச் சாப்பிடலாம்" என்று ஒருவர் உறுதி கொடுத்தால் அதையும் அப்படியே விடாதீர்கள்.

மனிதருக்கு மட்டும் ஆபத்து என்றில்லை. அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தைத் துல்லியமாகப் போட்டால் மறுநாள் அங்கே கூட்டம் கூடும், பறவை கூட்டை விட்டுப் போய்விடலாம், வேட்டைக்காரரும் வரலாம். உயிரினங்களைப் பார்த்த இடத்தோடு பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அருகிவரும் இனங்களின் இடத்தைத் தானாகவே மறைத்து, 0.2 பாகை நீள அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் காட்டும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் அது ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். உங்கள் இயற்கைக் குழுவிலும் இப்படி ஒரு வழக்கம் இருக்கட்டும். விலை உயர்ந்த சேகரிப்புகளைப் படம்பிடித்துப் போடுகிறவர்களிடமும், படத்தின் கோப்புக்குள் இடத்தகவல் ஒளிந்திருக்கலாம் என்று சொல்லிவையுங்கள்.

இரண்டாம் பிரிவு, நீக்காமல் திசை திருப்ப வேண்டியவை. தலைப்பை விட்டு விலகிய பேச்சு, திரும்பத் திரும்ப வரும் கேள்வி, தவறான பகுதியில் போட்ட விற்பனைப் பதிவு. நகர்த்துங்கள், இணைப்புக் கொடுங்கள், ஒரு வரி சொல்லுங்கள், போதும்.

மூன்றாம் பிரிவில் இருப்பவை உங்கள் கை படவே கூடாதவை. உங்களுக்குப் பிடிக்காத ரசனை, நீங்கள் விரும்பும் நிறுவனத்தின் மேல் வைக்கப்படும் விமர்சனம், நிர்வாகத்தின் மேல் வரும் குறை, யாருக்கும் ஆபத்தில்லாத தவறான தகவல். தவறான தகவலை நீக்கினால் அதே தவறு அடுத்த மாதம் இன்னொருவர் வாயில் வரும். அதற்குக் கீழே சரியான விளக்கம் இருந்தால் இருவருமே படித்துத் தெரிந்துகொள்வார்கள். புதிய மட்டுறுத்துநர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த மூன்றாம் பிரிவில்தான். விரல் அரிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

4. விதிகளைச் சுருக்கமாக எழுதி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்

ஏழெட்டு வரிக்கு மேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். ஒவ்வொரு வரியும் ஒரு செயலைச் சொல்ல வேண்டும். "நாகரிகம் காக்கவும்" என்ற விதி யாரையும் தடுக்காது, ஏனென்றால் எல்லோரும் தாங்கள் நாகரிகமானவர்கள் என்றே நம்புகிறார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "படத்தைக் குறை சொல்லலாம், எடுத்தவரைக் குறை சொல்லக் கூடாது. குறை சொன்னால் எப்படிச் சரிசெய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லவும்." இதை மீறினால் மீறியது யாருக்கும் தெரியும், உங்களுக்கும் விளக்க எளிது. விக்கிப்பீடியாவில், மற்றவரின் திருத்தத்தை ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மாற்றியமைத்தால் தடை வரலாம் என்று ஒரு விதி உண்டு. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாமலே சண்டையை நிறுத்த அது உதவுகிறது. எண்ணிப் பார்க்கக்கூடிய விதிக்கு அப்படி ஒரு வசதி இருக்கிறது.

எழுதிய விதியை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ரெட்டிட்டின் அறிவியல் குழுவில் 2016இல் நேத்தன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் 2,190 விவாதங்களை வைத்து ஒரு சோதனை செய்தார். சில விவாதங்களின் தலையில் விதிகளை ஒட்டிவைத்தார்கள், சிலவற்றில் வைக்கவில்லை. ஒட்டிவைத்த இடங்களில் புதியவர்கள் விதிப்படி நடக்கும் வாய்ப்பு 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. இன்னொன்றும் நடந்தது. அங்கே பேச முன்வந்த புதியவர்களின் எண்ணிக்கை சராசரியாக 70 சதவீதம் அதிகரித்தது. விதி போட்டால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். இங்கே எப்படிப் பேச வேண்டும், தன்னை யாராவது இழிவாகப் பேசினால் கேட்க ஆள் இருக்கிறதா என்று தெரிந்தால்தான் தயங்குகிறவர் வாய் திறப்பார்.

5. முதல் பதிலைக் காவல் காத்துக்கொள்ளுங்கள்

உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இங்கே செலவிடச் சொல்வேன். ஒரு திரியின் போக்கை முதல் இரண்டு மூன்று பதில்களே முடிவுசெய்துவிடுகின்றன. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு சோதனையில், பங்கேற்றவர்களில் பாதிப் பேருக்கு எளிய வினாக்களையும் மீதிப் பேருக்கு மனநிலையைக் கெடுக்கும் கடினமான வினாக்களையும் கொடுத்தார்கள். பிறகு ஒரு செய்திக் கட்டுரைக்குப் பின்னூட்டம் எழுதச் சொன்னார்கள். சிலருக்கு ஏற்கெனவே வம்பான பின்னூட்டங்கள் மேலே தெரிந்தன, சிலருக்குச் சாதாரணமானவை தெரிந்தன. மனநிலையும் சூழலும் நன்றாக இருந்தவர்கள் எழுதியதில் 35 சதவீதம் வம்பாக இருந்தது. எரிச்சலோடு வந்து வம்பையும் பார்த்தவர்கள் எழுதியதில் அது 68 சதவீதம். இவர்கள் எல்லோரும் சாதாரண மனிதர்கள். வம்பு செய்ய அதற்கென்றே பிறந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

ஆகவே ஒரு புதியவரின் கேள்விக்கு வரும் முதல் பதில் எரிச்சலாக இருந்தால், பின்னால் வருபவையும் அப்படியே வரும். அதை மட்டும் சீக்கிரமாகக் கவனித்தால் போதும், மற்ற இடங்களில் மெதுவாகப் போகலாம்.

"புதுத் தொட்டியில் மீன் செத்துக்கொண்டே இருக்கிறது, ஏன்?" என்ற கேள்வி மீன் வளர்ப்புக் குழுக்களில் ஓயாமல் வரும். பழைய உறுப்பினர்களுக்குச் சலித்துப்போயிருக்கும். "முதலில் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்பார்கள். ஆனால் கேட்பவருக்கு எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்பதே தெரியாது. தெரிந்திருந்தால் அவர் ஏன் கேட்கப்போகிறார்? மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும், அதற்குள் மீனை விட்டால் நஞ்சில் சாகக்கூடும் என்று ஒரு முறை நன்றாக எழுதி நிலையாக ஒட்டிவையுங்கள். கேள்வி வரும்போதெல்லாம் அந்த இணைப்போடு, "தண்ணீரைச் சோதித்துப் பார்த்தீர்களா? அளவைச் சொல்லுங்கள், பார்க்கலாம்" என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இணைப்பு மட்டும் கொடுப்பது கதவைச் சாத்துவது போலத்தான் தெரியும்.

சலித்துப்போன மூத்தவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு ஆழமாகப் பேச ஒரு தனிப் பகுதி கொடுங்கள். அடிப்படைக் கேள்விப் பகுதிக்கு விருப்பம் உள்ளவர் மட்டும் வரட்டும். பதில் சொல்லப் பொறுமை இல்லாதவர் பேசாமல் கடந்துபோகலாம் என்பதையும் விதியாகவே எழுதலாம்.

6. சிறிய நடவடிக்கையிலிருந்து தொடங்குங்கள்

எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அறிஞர் மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடி நீர் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே நீண்டகாலம் கட்டிக்காத்த விதத்தை ஆராய்ந்தார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். நீடித்து நின்ற அமைப்புகளில் அவர் கண்ட பொதுக்கூறுகளில் ஒன்று, முதல் தவறுக்குத் தண்டனை மிகச் சிறியதாக இருக்கும், தொடர்ந்தால்தான் படிப்படியாகக் கூடும். குழுக்களுக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

நான் பின்பற்றும் வரிசை இது. திரியிலேயே பொதுவாக ஒரு நினைவூட்டல், பெயர் சொல்லாமல். அடங்காவிட்டால் தனிச்செய்தி. அப்புறம் பதிவை நீக்குதல், காரணத்தோடு. அடுத்து ஒரு நாள் ம்யூட், அதாவது எழுத முடியாமல் நிறுத்திவைப்பது, பிறகு ஒரு வாரம். கடைசியாக வெளியேற்றம். முதல் பிரிவுக் குற்றங்களுக்கு மட்டும் இந்த ஏணி கிடையாது, நேராகக் கடைசிப் படிக்குப் போகலாம்.

தனிச்செய்தி எழுதத்தான் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று குழைகிறார்கள், இல்லையென்றால் போலீஸ்காரர்போல் அதட்டுகிறார்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம். லென்ஸ் பற்றிய திரியில் நீங்கள் கடைசியாக எழுதிய பதிலை நீக்கியிருக்கிறேன். 'கண் தெரியாதா' என்ற வரி எழுதியவரைத் தாக்குகிறது, விதி 2. லென்ஸின் கூர்மை குறித்து நீங்கள் சொன்ன விஷயம் நல்ல விஷயம். அந்த வரி இல்லாமல் மறுபடி போடுங்கள், திரி திறந்தே இருக்கிறது." எதை நீக்கினோம், ஏன், அடுத்து அவர் என்ன செய்யலாம் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. காரணம் சொல்வது வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை. ரெட்டிட்டின் 3.2 கோடிப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நீக்கியதற்கு விளக்கம் கிடைத்தவர்களின் அடுத்தடுத்த பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்பு குறைந்திருப்பது தெரிந்தது.

சண்டை சூடாகிவிட்டால் யாரையும் தண்டிக்காமலே வேகத்தைக் குறைக்க முடியும். டெலிகிராமில் ஒருவர் அடுத்த செய்தி போட 1 மணி நேரம் வரையும், டிஸ்கார்டில் 6 மணி நேரம் வரையும் காத்திருக்கும்படி மெதுவாக்கும் வசதி உண்டு. அது இல்லாத இடத்தில், "நாளைக் காலை வரை இந்தத் திரியைப் பூட்டுகிறேன்" என்று சொல்லிப் பூட்டுங்கள். எப்போது திறக்கும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், சொன்னபடி திறந்தும் விடுங்கள்.

ஒருவர் எழுதுவது அவருக்கு மட்டும் தெரியும்படி, மற்றவர்களிடமிருந்து ரகசியமாக மறைக்கும் வசதி சில தளங்களில் இருக்கிறது. ஸ்பேம் கணக்குகளுக்குச் சரி. மனிதர்களுக்கு அதைச் செய்யாதீர்கள். யாரும் பதில் சொல்லவில்லையே என்று ஒருவர் வாரக்கணக்கில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். வெளியேற்றுவதாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லி வெளியேற்றலாம்.

7. குழுவின் மேதை கடுகடுப்பானவராக இருந்தால்

எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். எதைக் கேட்டாலும் தெரியும், பல வருட அனுபவம், அவர் பதில்களைப் பலர் சேமித்துவைத்திருப்பார்கள். ஆனால் புதியவரைக் கண்டால் சீறுவார். அவரைத் தொட மட்டுறுத்துநர்கள் பயப்படுவார்கள். "அவர் போய்விட்டால் குழுவே போச்சு" என்பார்கள்.

இங்கே நான் உறுதியாக இருப்பேன். அவருக்கு விலக்குக் கொடுத்தால், தெரிந்தவருக்கு ஒரு சட்டம், தெரியாதவருக்கு ஒரு சட்டம் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். அவரைப் பார்த்து அரைகுறையாகத் தெரிந்தவர்களும் சீறத் தொடங்குவார்கள், அவர்களிடம் அந்த அறிவும் இருக்காது. அவருடைய ஒரு வரியால் எழுதுவதை நிறுத்தியவர்களில் நாளைய மேதைகளும் இருந்திருப்பார்கள்.

அவரிடம் பொதுவில் பேசாதீர்கள், தனியாகப் பேசுங்கள். முடிந்தால் தொலைபேசியில். "சார், உங்கள் பதில்களை நம்பித்தான் பாதிப் பேர் இங்கே வருகிறார்கள். போன வாரம் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் சரியானதுதான், ஆனால் அதற்கப்புறம் அவன் வரவே இல்லை. எரிச்சல் வரும் நாளில் அந்தப் பகுதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் விட்டுவிடுங்கள்." பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டு மாறுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அந்தக் கலையின் மேல் உண்மையான பிரியம் உண்டு. மாறாதவருக்கு எல்லோருக்கும் உள்ள அதே ஏணிதான். போகட்டும் என்று விட நேர்ந்தால் விடுங்கள். அவர் பேசியபோது வாய்மூடி இருந்த நான்கைந்து பேர் மெல்லப் பேசத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள்.

8. அரசியலும் விற்பனையும்

"அரசியல் பேசக் கூடாது" என்ற விதி எழுத எளிது, நடத்தக் கடினம். ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் அதற்கே உரிய அரசியல் இருக்கிறது. காட்டிலிருந்து பிடித்த மீனை வாங்கலாமா, செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது புகைப்படமா, டிரோன் சட்டம் நியாயமா என்பதெல்லாம் பேச வேண்டிய விஷயங்கள். அதனால் விதியை இப்படி வைக்கலாம்: நம் பொழுதுபோக்கை நேரடியாகத் தொடும் சட்டம், கொள்கை பற்றிப் பேசலாம், அதிலிருந்து கட்சிகளுக்கும் தலைவர்களுக்கும் தாவினால் திரி பூட்டப்படும். சிலர் வேறு முடிவும் எடுத்திருக்கிறார்கள். பின்னல் வேலைக்காரர்களின் பெரிய தளமான ரேவல்ரி, 2019 ஜூனில் அமெரிக்க அதிபர் டிரம்ப்பை ஆதரிக்கும் பதிவுகளுக்கே தடை விதித்தது. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். எந்த முடிவாக இருந்தாலும் சண்டை வருவதற்கு முன்பே எடுத்து, வெளிப்படையாக எழுதிவைப்பது நல்லது.

விற்பனைக்குத் தனிப் பகுதி வையுங்கள். விற்பவர் தன் பயனர் பெயரையும் அன்றைய தேதியையும் கையால் எழுதிய சீட்டைப் பொருளுக்கு அருகில் வைத்துப் படம்பிடித்துப் போட வேண்டும் என்று கேளுங்கள். பல பரிமாற்றக் குழுக்களில் உள்ள வழக்கம் இது. இணையத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து ஏமாற்றுவதை இது பெருமளவு தடுக்கும். இந்த ஒரு பகுதியில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் தப்பில்லை.

9. தனியாக நடத்தாதீர்கள்

குறைந்தது மூன்று பேர் வேண்டும், முடிந்தால் வெவ்வேறு நேரங்களில் விழித்திருப்பவர்கள். நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கும் திரியில் மட்டுறுத்துநர் வேலை செய்யாதீர்கள், இன்னொருவரிடம் விடுங்கள். எதை நீக்கினோம், யாரை ஏன் நிறுத்தினோம் என்று ஒரு பொதுக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து "அன்றைக்கு அவரை விட்டீர்கள், என்னை மட்டும் ஏன்?" என்று ஒருவர் கேட்கும்போது அது கைகொடுக்கும். மேல்முறையீடு வந்தால் முடிவெடுத்தவர் ஒதுங்கி, மற்ற இருவர் பார்க்கட்டும். இரவு கோபத்தில் எடுக்கத் தோன்றும் முடிவு காலைவரை காத்திருக்கலாம், ஆபத்து எதுவும் இல்லை என்றால்.

புதியவரின் பதிவை ஒப்புதல் கொடுத்த பிறகே வெளியிடுவது ஸ்பேமைத் தடுக்கும். ஆனால் முதல் பதிவுக்கு மட்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள் ஒப்புதல் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள். இரண்டு நாள் காத்திருந்தவர் திரும்பி வரமாட்டார். விவாதக் குழுக்களை நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் புதியவருக்குப் படங்கள், இணைப்புகள் எண்ணிக்கையில் வரம்பு இருக்கும். கொஞ்ச நாள் வாசித்துப் பங்கெடுத்தால் தானாகத் தளரும். இதுதான் எனக்குப் பிடித்த முறை, யாரும் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மட்டுறுத்தத் தொடங்கினால் எல்லாவற்றுக்கும் நாமே பொறுப்பாவோமோ என்ற அச்சம் பழையது. 1995இல் அமெரிக்காவில் பிராடிஜி என்ற இணையச் சேவை நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்துவதால் அது பதிப்பாளருக்குச் சமம் என்று ஒரு நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே அங்கே சட்டம் அதை மாற்றியது. நாட்டுக்கு நாடு நிலை வேறு. பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் சிறிய குழுக்களை நடத்துகிறவர்களுக்கும் கடமைகள் விதிக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைப் படித்துவிடுங்கள்.

10. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்

நீக்கிய பதிவுகளின் எண்ணிக்கை எதையும் சொல்லாது. புதிதாகச் சேர்ந்து முதல் பதிவு போட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாவது பதிவு போட்டார்கள், எத்தனை கேள்விகள் ஒரு நாளுக்கு மேல் பதிலின்றிக் கிடந்தன என்ற இரண்டையும் எண்ணுங்கள்.

இரண்டாவது பதிவு போடாதவர்களின் முதல் பதிவை எடுத்துப் பாருங்கள். நீங்கள் நீக்கியதாலோ, வடிவம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியதாலோ போனார்கள் என்றால் மட்டுறுத்தல் கூடிவிட்டது. மற்ற உறுப்பினர்களின் பதிலைப் பார்த்துப் போனார்கள் என்றால் குறைந்துவிட்டது. பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும், எந்தப் பகுதியில் எது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டியதுதான். கேள்விகள் பதிலின்றிக் கிடந்தால் அது கண்டிப்பால் தீரும் பிரச்சினையே இல்லை. பதில் சொல்லும் மனமுள்ள மூன்று நான்கு பேரைத் தனியாக அழைத்து, "இந்தப் பகுதியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேளுங்கள்.

அதோடு விதிப் பட்டியலையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் ஒருமுறைகூடப் பயன்படாத விதி எது, எப்போதோ ஒருவர் செய்த சேட்டைக்காகப் போட்ட விதி எது என்று உறுப்பினர்களிடமே கேளுங்கள். பாதுகாப்பு பற்றிய விதிகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றில் தேவையில்லாததை அன்றே எடுத்துவிட்டு, எடுத்ததை அறிவித்துவிடுங்கள்.